சாம்பிள் போல்ட்

தூத்துக்குடியில் எந்த சாமான் கடைக்குப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "சாம்பிள் இருக்கா?" குக்கர் ரப்பரோ, படகு எஞ்சினின் பெல்ட்டோ, பம்புசெட் வாஷரோ, இங்கே யாரும் பெயரும் அளவும் சொல்லிக் கேட்பதில்லை. பழையதைக் கழற்றி, துண்டுப் பேப்பரில் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவோம். கடைக்காரர் அதையும் புதியதையும் உள்ளங்கையில் அருகருகே வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றுபோல் இருந்தால் வியாபாரம் முடிந்தது.

நானும் இந்த ஊர்க்காரன்தான். ஆனால் விமானப் பராமரிப்பு லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அதனால் இந்தப் பழக்கம் என்னிடம் இல்லை என்று நம்பியிருந்தேன்.

இந்துமதிக்கு உடன்குடி; கருப்பட்டி மொத்த வியாபாரக் குடும்பம். பைலட் லைசென்ஸ் எடுத்த கையோடு, மூடிப்போன ஒரு பறக்கும் கிளப்பிடமிருந்து 1960-இல் செய்த ஒரு குட்டி விமானத்தை வாங்கினாள். இரும்புக் குழாய் உடம்பு, அதன்மேல் துணி, இரண்டு பேர் உட்கார இடம். தூத்துக்குடியில் அது நின்ற தகரக் கொட்டகையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். மதுரையில் வேறு இடம் பிடித்துவிட்டாள். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து வரும் விமானப் பரிசோதனை இன்ஸ்பெக்டர் சரி என்று கையெழுத்துப் போட்டால் பறந்தே போகலாம். இல்லாவிட்டால் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்ற வேண்டும். லாரியில் ஏறிய பழைய விமானம் மறுபடி பறந்து நான் பார்த்ததில்லை. வர்ணம் பூசிக்கொண்டு ஏதாவது கல்லூரி வாசலில் நிற்கும்.

அது கிளப்பில் இருந்த காலத்தில் நான் அங்கே பயிற்சி மெக்கானிக். அதனால்தான் இந்துமதி என்னைத் தேடி வந்தாள்.

"இதை எனக்கு மேனுவலைவிட நல்லாத் தெரியும்மா" என்றேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் காது சூடாகிறது.

சோதித்தபோது ஒரே ஒரு குறைதான் கண்ணில் பட்டது. இறக்கைக்கு அடியில் சாய்வாக முட்டுக் கொடுத்து நிற்கும் தண்டுக்கு ஸ்ட்ரட் என்று பெயர். மொத்தம் நான்கு. ஒவ்வொன்றும் விமானத்தின் உடம்போடு சேரும் இடத்தில் ஒரே ஒரு போல்ட். இடது பக்க முன் போல்ட்டில் துரு ஏறியிருந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விளக்க வேண்டும். கதவுக் கீலின் ஆணியை நினைத்துக்கொள்ளுங்கள். கதவின் எடை அந்த ஆணியைக் குறுக்கே வெட்டப் பார்க்கிறது. ஸ்ட்ரட் போல்ட்டுக்கும் அதே பாடுதான். அதனால் போல்ட்டின் வழவழப்பான தண்டு துளை முழுவதையும் நிரப்ப வேண்டும். நட்டு ஏறும் திருகு வரிகள், அதாவது மரை, துளைக்கு வெளியேதான் தொடங்க வேண்டும். மரை உள்ளே வந்துவிட்டால் அரம் போலத் துளையை அராவும். விரிசலும் மரைப் பள்ளத்தில்தான் முதலில் விழும். தண்டின் நீளம்தான் விமான போல்ட்டின் உயிர். இது எனக்கு மிகவும் பிடித்த பாடம். கேட்காதவர்களுக்கும் எடுப்பேன்.

துருப்பிடித்த போல்ட்டைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ரோச் கடைக்குப் போனேன். பழைய துறைமுகத்துக்குப் போகும் வழியில் தோணிகளுக்கும் படகுகளுக்கும் சாமான் விற்கிறவர் அவர்.

"சாம்பிள் இருக்கா?"

கொடுத்தேன். உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"எஸ்.எஸ். தாரேன், வாத்தியாரே. தோணிக்காரன்லாம் இதத்தான் வாங்குதான். உப்புத் தண்ணியில பத்து வருசம் கெடந்தாலும் பல்லு வெளக்குன மாதிரி இருக்கும்."

நான் வாத்தியார் இல்லை. என்னோடு பத்து நிமிடம் பேசியவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"அண்ணாச்சி, துருப்பிடிக்காதுங்கிறது வேற, பலங்கிறது வேற" என்று தொடங்கினேன். படகு போல்ட்டைவிட விமான எஃகு ஏன் உறுதியானது, எஸ்.எஸ். போல்ட்டை அலுமினியத்தில் மாட்டினால் உப்புக் காற்றில் அலுமினியம் ஏன் பொடிந்து போகும், எல்லாவற்றையும் சொன்னேன். இதற்குள் இரண்டு வாடிக்கையாளர்கள் வந்து, காத்திருந்து, போய்விட்டார்கள்.

"ஒம்ம பிளேன் மேல ஏறுமோ என்னமோ, ஒம்ம வாயி தரையிறங்காது போலுக்கே."

"கடைசியா ஒண்ணு, அண்ணாச்சி. சரியான போல்ட்டுன்னா தலையில சிலுவைக் குறி இருக்கும்."

"சிலுவையா? அப்ப மாதா கோயில் வாசல்ல போயிக் கேளும். இங்கன வந்து ஏன் எந்தாலிய அறுக்கீரு?"

அடுத்து லேத் பட்டறை வைத்திருக்கும் பாலகணேஷ். "சாம்பிள வச்சிட்டுப் போங்கண்ணாச்சி, சாயங்காலம் ரெண்டாக் கடைஞ்சு தாரேன்" என்றான். எந்த இரும்பு, எப்படிப் பதம் போட்டது என்று சான்றிதழ் இல்லாத போல்ட் விமானத்தில் ஏறக் கூடாது என்று அவனுக்கும் விளக்கினேன். பாதியில் லேத்தை ஓடவிட்டான். சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி முடித்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்படி ஊரெல்லாம் பாடம் நடத்திவிட்டு, முறைப்படி செய்யப் போவதாகக் கொட்டகைக்குத் திரும்பினேன். வெர்னியர் அளவுகோலை எடுத்து சாம்பிளின் தண்டை மூன்று முறை அளந்தேன். அந்த நீளத்துக்குரிய போல்ட் நம்பரை மனப்பாடமாகச் சொன்னேன். இந்துமதி பெங்களூரில் விமானச் சாமான் விற்கும் ஒருவருக்கு போன் செய்து, வால் சக்கரத்துக்கு வேண்டிய டியூபோடு சேர்த்து ஆர்டர் கொடுத்தாள்.

வியாழக்கிழமை காலை பார்சல் வந்தது. புது போல்ட்டையும் சாம்பிளையும் என் உள்ளங்கையில் அருகருகே வைத்தேன். அச்சு அசல். தலையில் சிலுவைக் குறி. சான்றிதழும் இருந்தது.

"பாத்தியாம்மா? இதுக்குப் பேருதான் முறை" என்றேன்.

இந்துமதி மேனுவலை மடியில் விரித்து வைத்திருந்தாள்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. இங்கன நட்டுக்கு அடியில ஒரு வாஷர் வரைஞ்சிருக்கான். நீங்க கழட்டும்போது வாஷரே விழலையே?"

"யாராவது தொலைச்சிருப்பாங்க."

"போல்ட்டு நம்பரும் வேறயா இருக்கு. ஒரு சைஸ் கூட."

"அச்சுப் பிழையா இருக்கும்மா. அந்தக் காலத்துப் புத்தகம்."

"வலது பக்கத்துல ஒண்ணக் கழட்டிப் பாத்துருவமா சார்?"

கழற்றினோம். வாஷரோடு வந்தது. என் கையிலிருந்த இரண்டையும்விட அரைக்கால் அங்குலம் நீளம். அதாவது இடது பக்கத்தில் இருந்தது குட்டை போல்ட். அதன் மரை துளைக்குள் புகுந்திருந்தது. குட்டையாக இருந்ததால் நட்டு ஏறவில்லை. நட்டு ஏற வேண்டும் என்று யாரோ வாஷரை எடுத்துவிட்டிருக்கிறார்கள். நான் நான்கு நாட்களாகத் தூத்துக்குடி முழுவதும் சுமந்து திரிந்து, எல்லாருக்கும் காட்டி, மூன்று முறை அளந்து, பெங்களூர் வரை ஜோடி தேடியது ஒரு தப்பான போல்ட்டுக்கு.

"எந்த மடையன் மாட்டினான் இதை?" என்று கத்தினேன்.

இந்துமதி விமானத்தின் பழைய லாக் புத்தகத்தைப் புரட்டினாள். அந்த விமானத்தில் எந்த வேலை செய்தாலும் தேதி போட்டு எழுதும் புத்தகம் அது. 2003, ஆகஸ்ட். இடது முன் ஸ்ட்ரட் போல்ட் மாற்றப்பட்டது. வேலை செய்தவர் என்ற இடத்தில், கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு பெரிய சுழியோடு, வரத்.

அந்த வயதில் நான் கையெழுத்துக்குச் சுழி போடுவேன்.

அவள் கொஞ்ச நேரம் சுழியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவை என்னைக் காப்பாற்றுவதாக இல்லை.

"நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்டர் வந்துருவார். இனிமே எந்த கூரியர்ல வரும்?" என்றேன்.

அவள் பார்சலுக்குள் கையை விட்டு இன்னொரு சிறிய பொட்டலத்தை எடுத்தாள். மேனுவலில் இருந்த எண்ணுள்ள போல்ட், வாஷரோடு.

"நீங்க நம்பர் சொல்லும்போதே புஸ்தகத்துல வேறயா இருந்துச்சு. சார் தெரிஞ்சுதான் சொல்லுதாருன்னு நெனச்சேன். இருந்தாலும் அதுலயும் ஒண்ணு அனுப்புங்கன்னு சொல்லிட்டேன்."

"என்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க எங்க சார் எடம் விட்டீங்க?"

போல்ட் கிடைத்துவிட்டது. ஆனால் அது போகும் துளை? இருபது வருடம் மரை அராவிய துளை நீள்வட்டமாகியிருந்தால் எந்த போல்ட்டாலும் பயனில்லை, லாரிதான். துருவைத் துடைத்துவிட்டு அளவுக் கம்பியை மெல்ல உள்ளே விட்டேன். மேனுவல் அனுமதிக்கும் தேய்மானத்தில் பாதிதான் இருந்தது. நான் திட்டிக்கொண்டே இருந்த துரு, போல்ட்டைத் துளையோடு இறுக்கி அசையவிடாமல் வைத்திருந்திருக்கிறது. அசையாததால் மரையால் அராவ முடியவில்லை. என் வேலையைவிடக் கடல் காற்றின் வேலை நன்றாக இருந்தது.

மாட்டி முடித்தேன். லாக் புத்தகம் திறந்திருந்தது. 'துருவின் காரணமாக மாற்றப்பட்டது' என்று எழுதலாம். அது பொய்யும் இல்லை. 'முன்பு மாட்டியது தவறான நீளம்' என்று எழுதினால் இன்ஸ்பெக்டர் தோண்டுவார். தோண்டினால் நாள் போகும். நாள் போனால் லாரி. பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உள்ளத எழுதுங்க சார்" என்றாள் இந்துமதி. "மேல உக்காரப் போறது நான்லா?"

எழுதினேன். சுழி போடவில்லை.

மறுநாள் இன்ஸ்பெக்டர் திருச்செந்தூர் தரிசனத்தை முடித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். நான் எழுதியதைப் படித்தார். பின்பு 2003-க்குப் போனார்.

"யார் சார் இந்த வரத்?"

"நான்தான்."

"அந்தப் போல்ட்டுக்கு நீளம் தப்புன்னு எழுதியிருக்கிற இந்த வரத்?"

"அதுவும் நான்தான்."

நான்கு போல்ட்டுகளையும் கழற்றச் சொன்னார். ஒவ்வொரு துளையையும் தானே அளந்தார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியது. இந்துமதி கொட்டகை வாசலில் மாதக் கடைசி வரை எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் நிமிர்ந்து, "இத்தனை வருஷம் தப்பான போல்ட் இருந்தும் துளை எப்படிக் கெடாம இருக்கு?" என்று கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. கதவுக் கீலிலிருந்து தொடங்கினேன். பத்தாவது நிமிடத்தில் அவர், "போதும் சார், அளவு சரியா இருக்கு, அது போதும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு காலை கிளம்பும்போது இந்துமதி பக்கத்து இருக்கையைக் காட்டினாள். "மாட்டுனவங்க கூட வரணும் சார். அதான் என் கண்டிஷன்."

ஏறினேன். என் ஜன்னலுக்கு வெளியே, ஒரு முழ தூரத்தில், அந்த ஸ்ட்ரட். கீழே உப்பளங்கள் வெள்ளையாகச் சாய்ந்தன, பிறகு பனங்காடு வந்தது, பிறகு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அந்த நட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதுரையில் இறங்கி எஞ்சினை அணைத்ததும் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"என்ன சார், ஒடம்புக்கு முடியலையா? ஒரு மணி நேரமா ஒரு வார்த்த பேசலையே?"