பழுதாகாத சேர்வரும் கஜேந்தினியின் சம்பளமும்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஒரு பொறாமையில் பிறந்தது. கிளிநொச்சியில் ஒரு நெல் விவசாயிகள் சங்கத்துக்கு வேறு அலுவலாகப் போயிருந்தேன். மனிதர்கள் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே வியர்த்துக்கொண்டிருக்க, ஆளில்லாத அறையொன்றில் மட்டும் ஏசி ஓடியது. உள்ளே சேர்வர், அத்தனை விவசாயிகளின் கணக்கும் கிடக்கிற பெரிய கணினி. என்ன சொகுசு என்று எரிச்சல்பட்டுத்தான் எழுதத் தொடங்கினேன்.

2

அன்று காலை சேர்வர் திடீரென்று—

[இந்த வரியைக் கோடிட்டு அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும்.] சேர்வரைப் பார்த்துக்கொள்ளும் கஜேந்தினி வேலைக்கு வந்து மூன்று வருடம், அது ஒருநாளும் நின்றதில்லை. கரண்ட் போனால் ஜெனரேற்றரிடம் ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமையும் வந்து கணக்குகளைப் பிரதி எடுப்பாள். எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பார்ப்பாள். இதையெல்லாம் யாரும் கண்டதில்லை.

3

சங்கத் தலைவி இராசமலர் பொல்லாதவர் அல்ல. [முதல் வரைவில் அப்படி ஆக்கிப் பார்த்தேன்; சரிவரவில்லை.] கணக்குகளைத் தன்னிடம் வாடகைக்கு வைக்கச் சொல்லிக் கொழும்புக் கம்பனியொன்று கேட்கிறது. எது மலிவு என்று பார்க்க, சேர்வரை வைத்திருக்கும் செலவை எழுதித் தரும்படி கஜேந்தினியிடமே சொன்னார். அவளும் டீசல், ஏசி, மென்பொருள் கட்டணம் எல்லாம் எழுதினாள். எல்லாவற்றிலும் பெரிய செலவை மட்டும் விட்டுவிட்டாள்.

"பிள்ளை, உம்மட சம்பளத்தைப் போடேல்லையே?"

"போட்டா வாடகைதான் மலிவு எண்டு வரும், அன்ரி."

"மூண்டு வருசமா ஒண்டும் பழுதாகேல்லை. பிறகு என்னத்துக்கு ஆள் எண்டு கூட்டத்தில கேட்டா, நான் என்ன சொல்லுறது?"

நன்றாக வேலை செய்ததே அவளுக்கு வினையாகிவிட்டது.

4

ஒரு முடிவு: கூட்டத்தன்று சேர்வர் நிற்கிறது, அவள் வந்து காப்பாற்றுகிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். ஒரு வயரைக் கழற்றினால் போதும். அவள் கையை அந்த வயர்வரை கொண்டுபோயும் விட்டேன். அவள் அதிலிருந்த தூசியைத் துடைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இன்னொன்று: வேலை போகிறது, கொழும்பில் அதைவிடப் பெரிய வேலை— வேண்டாம். அவளுக்குப் பக்கத்து ஊரான உருத்திரபுரத்தில் வீடு, இந்தப் பக்கம் அவள் பார்த்துக்கொள்ள வேறு சேர்வர் கிடையாது.

5

கடைசியில் தன் சம்பளத்தையும் சதம் குறையாமல் எழுதிக் கொடுத்துவிட்டாள். நான் தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

இப்போது கூட்டம் நடக்கிறது. எழுதுகிறவனுக்கு அங்கே வாக்கில்லை. இவ்வளவு தூரம் வாசித்து வந்த உங்களுக்கு உண்டு. "ஆள் வேணும் எண்டுறவை கையை உயர்த்துங்கோ" என்கிறார் இராசமலர்.

கஜேந்தினி கதவுக்கு வெளியே நிற்கிறாள். எத்தனை கை உயர்ந்தது என்று நீங்களே போய்ச் சொல்லுங்கள். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.