பற்றவைக்காத உலை

என் மாமனார் காளிச்சாமி ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். கையில் வழக்கம்போல் சோற்றுக் கேரியர். உட்காரும் முன்பே கேட்டார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, தேசத்துரோகத்துக்குத் தூக்குங்களா, ஆயுளுங்களா?"

யாருக்கு என்றேன். தனக்கு என்றார்.

விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் ஆரோக்கியதாஸ் அழைத்திருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் மாமா நடத்தும் இரும்பு வார்ப்பு ஃபவுண்டரியில் அவர்தான் மேஸ்திரி. உலை பற்றவைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, மோல்டிங் ஆட்கள் திங்கட்கிழமை வரை பார்ப்பார்கள், அப்புறம் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள் என்றார். முதல் தீக்குச்சியை மாமாதான் கிழிக்க வேண்டும். அங்கே அதுதான் வழக்கம். அவர் கிழிக்க மறுக்கிறார். வக்கீல் மாப்பிள்ளை சொன்னால் கேட்பார் என்பது ஆரோக்கியதாஸின் நம்பிக்கை.

மே மாதம், எல்லையில் சண்டை மூண்ட வாரத்தில் லோகப்பிரியா இறந்தாள். மாமாவின் ஒரே மகள். என் மனைவி. காய்ச்சல் என்றுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். எனக்குப் பெற்றோர் இல்லை. உடலை மாமா வீட்டிலிருந்துதான் எடுத்தோம். அந்த வீடு ஃபவுண்டரி காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிறது. உலை வந்து ஏழெட்டு வருடம் கழித்துக் கட்டியது.

ராணுவ லாரிகள் செய்யும் கம்பெனி ஒன்று, பிராக்கெட்டுகளை உடனே வார்த்து அனுப்பும்படி அதே வாரத்தில் கேட்டிருந்தது. எழவு வீட்டில் அடுப்புப் பற்றவைப்பதில்லை. பங்காளி வீடுகளிலிருந்துதான் சோறு வரும். மாமா உலையையும் வீட்டு அடுப்பாகவே எடுத்துக்கொண்டார். கருமாதி முடியும்வரை பற்றவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கருமாதிக்கு முன்பே சண்டை நின்றுவிட்டது.

பிறகு ஒரு நாள் அவருடைய பங்காளி பொங்கியண்ணன் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே, நாடு சண்டையில் இருக்கும்போது உலையை நிறுத்தினவனை என்னவென்று சொல்வது என்று எல்லார் முன்னாலும் கேட்டு, பதிலையும் தானே சொல்லிவிட்டார். கேலிக்குத்தான். மாமா பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டார். துரோகி கையால் உலை பற்றக் கூடாது என்பது அவர் முடிவு.

சட்டப் புத்தகத்தை எடுத்தேன். துரோகம் என்ற பெயரில் பிரிவே இல்லை என்றேன். அரசுக்கு எதிராகப் போர் தொடுப்பது, அதற்கு முயல்வது, உடந்தையாக இருப்பது. தண்டனை அவர் கேட்ட இரண்டும்தான். விலை விசாரித்தவர்போல் தலையாட்டினார்.

"உடந்தைன்னா செஞ்சாத்தானுங்களா? செய்ய வேண்டியதைச் செய்யாம உட்டாலுமா?"

என் சீனியர்கூட அவ்வளவு சீக்கிரம் அந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார். செய்யாமல் விடுவதும் உடந்தையாகலாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் சட்டம் கட்டாயமாக்கியதைச் செய்யாமல் விட்டிருக்க வேண்டும், எதிரிக்கு உதவும் எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்றேன். கம்பெனிக்குச் சரக்குத் தாமதமானால் அது ஒப்பந்த மீறல், அபராதம் பிடிப்பார்கள். பிடித்துவிட்டார்கள் என்றார்.

"அன்னைக்கு மனசுல யாரு இருந்தாங்க மாமா?"

மடியிலிருந்த கேரியரைக் கீழே வைத்தார்.

"யாரு இருப்பாங்க. அம்மணி நடு ஊட்டுல கெடக்கறா. உலைப் பொகை அவளுக்கு ஆகாதுங்களே. சின்னதுலயே இருமுவா."

ஆமாம். சாம்பிராணிக்கும் இருமுவாள். இந்த எண்ணத்தை வைத்து எந்தக் கோர்ட்டிலும் துரோக வழக்கு நிற்காது என்று மட்டும் சொன்னேன்.

"அப்பக் குத்தமில்லை. தப்புங்களா?"

அது இந்தப் புத்தகத்தில் இல்லை என்றேன். அந்த பிராக்கெட் இல்லாமல் எங்கேயாவது ஒரு லாரி நின்றிருக்குமா, அதில் யார் வீட்டுப் பையனாவது மாட்டியிருப்பானா என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆறுதல் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். தெரியாது என்றதும் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தார்.

தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தேன். அடுப்பின் மேல் நான் விரித்திருந்த செய்தித்தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மே மாதத் தாள். கொட்டை எழுத்தில் சண்டை. மேலே தூசி.

"இந்த ஊட்டுல அடுப்புப் பத்த வெக்கறதில்லீங்களா?"

மெஸ்ஸில் சாப்பிடுகிறேன் என்றேன். ஞாயிறு அவர் கேரியர்.

"அப்ப நீங்களும் துரோகிதானுங்க."

முகத்தில் சிரிப்பில்லை. குரலில் இருந்தது. என் வாயும் லேசாகக் கோணியது.

"இதை நீங்க பத்த வெய்ங்க," என்றார். "காலைல அதை நான் பத்த வெக்கறேன். ஆளுக்கொண்ணு."

நான் கீழே போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தேன். அதற்குள் செய்தித்தாளை எடுத்து மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தார். காலையில் உலை பற்றவைக்க ஆகும் என்றார். லைட்டர் வேலை செய்யவில்லை. லோகப்பிரியா சாமி படத்தடியில் வைத்திருந்த தீப்பெட்டியைத் தேடி எடுத்தார். குச்சியை உருவி, உலைக்குச் செய்வதுபோல் நெற்றிக்கு நேரே பிடித்தார். பிறகு நினைவு வந்து என்னிடம் நீட்டினார்.

பற்றவைத்தேன். பாலை வைத்தேன்.

மாமா ஆரோக்கியதாஸுக்கு ஃபோன் போட்டார். காலையில் ஆட்களை வரச் சொல்லுங்க, கோக் கரி நனையாம இருக்குதான்னு பாருங்க, மாப்பிள்ளையும் வாராருங்க என்றார். நான் வருவதாகச் சொல்லியிருக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. அவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, கேஸை மூடும்படி கண்ணைக் காட்டினார்.

மூடினேன். துணியால் துடைத்தேன். ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் நின்றேன். அப்புறம் இன்னொரு குச்சி எடுத்தேன்.