ஒற்றை ஆள் கூண்டு

கணவன் கோர்டியின் வண்டிச் சத்தம் தெருமுனையில் அடங்கியதும் மார்லிஸ் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். அவன் திருகாணி வாங்கப் போயிருந்தான். அமெரிக்காவின் வடக்கெல்லை ஊரான டுலூத்தில் பிப்ரவரி மாதத்துப் பனிச் சாலையில் போய் வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். புதுக் கூண்டு சுவரோரமாக நின்றது. எட்டடி நீளம், நாலடி அகலம், மூன்றடி உயரம். பிளைவுட்டுக்கு மூன்று கை பூச்சு அடித்து, மூலைகளை சிலிக்கோன் வைத்து அடைத்து, முன்பக்கம் நகரும் கண்ணாடி போட்டிருந்தான். அளவெல்லாம் அவன் சொன்னபடியே இருந்தது. குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படாததே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம்தான் கூரையின் நடுவில் இருந்த நீண்ட பிளவைப் பார்த்தாள். குனிந்து பார்த்தால் அதற்கு நேர் கீழே தரையிலும் விரல் அகலத்துக்கு நீளப் பள்ளமாக ஒரு காடி. மேலிருந்து ஒரு பலகையை இறக்கினால் கூண்டு இரண்டு அறையாகிவிடும். ஒரு பாம்புக்கு எதற்கு இரண்டு அறை?

பாம்பின் பெயர் டோரிஸ். பதிமூன்று அடி பர்மா மலைப்பாம்பு. கோர்டியின் முதல் மனைவியுடைய அம்மாவின் பெயர் அது. உயிரோடு இருந்த மாமியாரிடம் பேச முடியாததையெல்லாம் பாம்பிடம் பேசித் தீர்த்துக்கொண்டான் போலும். பெரிய பாம்பு வளர்ப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. பத்தடிக்கு மேல் போய்விட்டால் தனி ஆளாகக் கூண்டைத் திறக்கக் கூடாது. பதினான்கு வருடமாக அவன் தலைப்பக்கம், அவள் வால்பக்கம். முகம் கொடுத்துப் பேசாத வாரங்கள் அந்த வீட்டில் எத்தனையோ உண்டு. ஆனால் சனிக்கிழமை கூண்டு கழுவும் நேரம் வந்துவிட்டால் இருவரும் பேசியே ஆக வேண்டும். ‘தூக்கு’, ‘மெதுவா’, ‘உன் பக்கம் வருது பாரு’. சில மாதங்களில் அவர்களுடைய தாம்பத்தியமே அந்த மூன்று பேச்சில்தான் ஓடியது.

அப்படிப்பட்டவன் இந்த மூன்று வாரமாக அவளைப் பலகை பிடிக்கக்கூடக் கூப்பிடவில்லை. தானாக வந்தாலும் தூசி, மேலே போ என்றான். வரைந்து வைத்திருந்த தாளை அவள் காலடிச் சத்தம் கேட்டால் கவிழ்த்து வைத்தான். இன்னொரு பாம்பு கொண்டுவரப் போகிறானோ என்று நினைத்தாள். பிறகு சட்டங்களைத் தடவிப் பார்த்தாள். ஆணி எங்கும் இல்லை. எல்லாம் கழற்றி மாட்டுகிற போல்ட். அப்படியானால் பிரித்து வண்டியில் ஏற்றி எங்கோ கொண்டுபோகத்தான். எங்கே, யார் வீட்டுக்கு?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. ஜனவரியில் மார்லிஸ் தெற்கே பாலைவனத்து ஊரான டூசானில் ஒரு பள்ளிச் சமையலறை வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். அங்கேதான் அவள் தங்கை ஜோலீன் இருக்கிறாள். பனி இல்லை, பாம்பு ஒருவர் வீட்டுக்குள்ளும் இல்லை. ஜூனில் நீ இப்போது சமைக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டதும் வந்துவிடு என்று தங்கை சொல்லிக்கொண்டே இருந்தாள். விண்ணப்பம் போடுவதும் போவதும் ஒன்றா என்ன, வேலை கிடைத்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கோர்டியிடம் வாயைத் திறக்கவில்லை. ஆனாலும் அவன் தன்னிடம் ஒன்றை மறைக்கிறான் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. தனக்கு முன்னால் அவன் கிளம்பிவிடுவானோ?

அவன் திரும்பி வந்தபோது நாடாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஒளிக்கத் தோன்றவில்லை.

“இந்தக் காடி எதுக்கு?”

கோர்டி கையுறையைக் கழற்றினான். அவசரப்படாமல் ஒவ்வொரு விரலாகக் கழற்றினான். பிறகு மூலையில் சாத்தியிருந்த பலகையை எடுத்துப் பிளவு வழியே இறக்கிக் காட்டினான். பாம்பை இந்தப் பக்கம் ஓட்டிவிட்டுப் பலகையைப் போட்டால் அந்தப் பக்கத்தைக் கழுவலாம். அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். பாம்பைத் தூக்கவே வேண்டாம் என்றான்.

“தூக்கத்தான் நான் இருக்கேனே.”

“இதுல ஒரு ஆள் போதும்.”

எந்த ஆள் என்று அவள் கேட்டாள். குரல் உயர்ந்துவிட்டது. போகிறவனாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போ, போல்ட் போட்டு ஏமாற்ற வேண்டாம் என்றாள். கோர்டி அவளைப் பார்த்தான். சந்தேகப்படுகிறவனின் பார்வை அது. மூன்று வாரமாகத் தன் கண்ணிலும் இதுதான் இருந்திருக்கும் என்று அவளுக்கு உறைத்தது.

“வருஷா வருஷம் ஜனவரி கடைசில டோரிஸுக்குப் பதினெட்டு முயல் வாங்கி ஃப்ரீசர்ல போடுவ. இந்தத் தடவ ஆறுதான் வாங்கின. மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு எண்ணிப் பாத்தேன், மார்ல். ஜூன்ல முடியுது. அதான் ஒத்த ஆளுக்குன்னு கூண்டு.”

முயல்காரரிடம் ஆறு போதும் என்று சொன்னது அவளுக்கு நினைவிருந்தது. இடம் இல்லை என்று அப்போது நினைத்தாளே தவிர, ஃப்ரீசரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனம் முடிவெடுக்கும் முன்பே வாய் முடிவெடுத்திருந்தது. சொல்வதற்கு நான்கைந்து பொய்கள் இருந்தன. எதையும் அவன் நம்பமாட்டான்.

போல்ட் போட்டது ஒரே ஆளாகப் பிரித்து நகர்த்த வசதியாக என்று மட்டும் அவன் சொன்னான். பலகையை உருவி எடுத்துவிட்டுப் பழைய கூண்டைத் திறந்தான்.

“இன்னைக்கு ஒரு தடவ பிடிச்சுக்குடு. மாத்திவிட்டுருவோம். இதுக்கப்புறம் உனக்கு வேலை இல்ல.”

அவன் தலைக்குப் பின்னால் பிடித்தான். அவள் வால்பக்கத்துக் கனத்தை இரண்டு கையிலும் ஏந்தினாள். ‘தூக்கு’ என்றான், தூக்கினாள். நாலே எட்டுதான். கோர்டியின் பிடியோடு டோரிஸின் தலையும் பாதி உடம்பும் புதுக் கண்ணாடிக்குள் வழுக்கிப் போயின. நாக்கு நீண்டு பூச்சு வாசனையைத் தொட்டது. மீதி உடம்பு வெளியே நின்றுவிட்டது. வால் மார்லிஸின் வலது முன்கையை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கியிருந்தது. பாசமெல்லாம் இல்லை, விழாமல் இருக்க எதையாவது பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். இந்த வீட்டில் அது இருவருக்கும் தெரியும்.

“விடு, மார்ல்.”

“நான் பிடிக்கல. அவதான் பிடிச்சிருக்கா.”

வால் நுனியிலிருந்து பிரித்தால் சுலபமாக வந்துவிடும். கோர்டியால் தலையை விட்டுவிட்டு வர முடியாது. மார்லிஸின் இடது கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் அந்தக் கையைப் பார்த்தான். அவன் பார்ப்பதை அவளும் பார்த்தாள். வலது கையின் விரல்கள் ரத்தமின்றி வெளுக்கத் தொடங்கின. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி அப்படியே நின்றார்கள்.