மறுபடி அனுப்பு

மிலுங்கா என்ற பண்ணைக்காரியின் கொட்டகையில் கோழிகள் விழுகின்றன என்ற செய்தி தீவன ஆலைக்கு வியாழக்கிழமை வந்தது. கால்களைப் பின்னால் நீட்டிக்கொண்டு, நெஞ்சு தரையில் பட, தலையை மட்டும் தூக்கிப் பார்த்தபடி கிடக்கின்றனவாம். கால்நடை மருத்துவர் தீவனத்தில் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார். மறுநாள் காலையே முடிவு வந்துவிட்டது. இரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் மருந்து, இருக்க வேண்டிய அளவைப் போல நான்கு மடங்கு இருந்தது.

நான்கு என்று காதில் விழுந்ததும் துன்யா தன் கணினிக்குப் போனாள்.

அவள் ஆலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அலுவலகத்தில் எழுதும் தீவனக் கலவைக் குறிப்பை ஆலைக்குள் இருக்கும் கலவை இயந்திரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு சர்வர் வாங்கியிருந்தார்கள். அதை அமைத்துக் கொடுத்தது அவள்தான். ஆலையில் எல்லாரும் அதைத் தபால்காரன் என்பார்கள். சோதனைகள் முடிந்து, தபால்காரன் நிஜமாகவே வேலையைத் தொடங்கியது இந்தத் திங்கட்கிழமை. அன்று போன முதல் மருந்துத் தீவனம் மிலுங்காவுக்கு.

அவள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இயந்திரத்திடமிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்ற பதிலுக்குக் காத்திருக்கும் நேரம், நாற்பது வினாடி. பதில் வராவிட்டால் மறுபடி அனுப்ப வேண்டிய தடவை, மூன்று. ஒன்றும் மூன்றும் நான்கு. அதுகூடத் தவறாக முடிந்திருக்காது. அதற்குக் கீழே, ‘அதே எண் மறுபடி வந்தால் ஏற்காதே’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் குறி இருந்தால் எத்தனை தடவை அனுப்பினாலும் இயந்திரம் ஒரு தடவைதான் மருந்தைக் கொட்டும்.

கட்டம் காலியாக இருந்தது.

சோதனை நாட்களில் ஒரே குறிப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்க வேண்டியிருந்ததால் குறியை எடுத்திருந்தாள். திரும்பப் போடவில்லை. போட்டதாக ஒரு நினைப்பு மட்டும் இருந்தது.

அடுத்து ஒரு வாத்துப் பண்ணைக்கான குறிப்பு வரிசையில் நின்றது. அவள் சட்டென்று கட்டத்தில் குறி போட்டுச் சேமித்தாள். சேமித்த பிறகுதான், பழைய நிலையை அந்தப் பக்கம் எங்கேயும் எழுதி வைப்பதில்லை என்பது உறைத்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்டிவிட்டுச் செய்திருக்க வேண்டுமோ? அதற்குள் வாத்துகளுக்கும் போயிருந்தால்?

கலவைக் கூடத்துக்கு ஓடினாள். ரதோய்ட்சா சாக்குகளின் மேல் உட்கார்ந்து, கெட்டியாகக் காய்ச்சிய காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்த இயந்திரத்தை ஓட்டுபவர்.

“மாமா, திங்கட்கிழமை மருந்து போடறப்ப திரையில என்ன வந்துச்சு?”

“ஒரே வரி நாலு தடவ வந்துச்சு. உன் தபால்காரனுக்குத் திக்குவாய் போலன்னு நெனச்சேன். நாலுக்கும் ‘வந்து சேந்துச்சு’ பட்டன அமுக்கிவிட்டேன்.”

“மொத வரி வந்ததும் ஏன் அமுக்கல?”

“மருந்து விழுந்துச்சான்னு பாக்காம ‘வந்து சேந்துச்சு’ன்னு எப்படிடா கண்ணு அமுக்குவேன்? ஏணி ஏறணும், மூடியத் தூக்கிப் பாக்கணும், எறங்கி வரணும். என் முட்டி என்ன உங்க ஆபீஸ் லிப்டா?”

“சோதனை அன்னிக்கு ஒக்காந்த எடத்துலயே அமுக்கினீங்களே!”

“அன்னிக்கு டைரக்டர் கோட்டு மாட்டிக்கிட்டு என் பொடனிக்குப் பின்னாடி நின்னாரு. வந்தவங்க படம் புடிக்கிறாங்க, நாற்காலிய விட்டு எந்திரிக்காதன்னாரு. தொட்டியிலதான் அன்னிக்கு என்ன இருந்துச்சு? வெறுங்காத்து. காத்த எட்டிப் பாக்க நான் ஏணி ஏறணுமா?”

சோதனையன்று துன்யா கைக்கடிகாரத்தை வைத்து அவருடைய விரலை அளந்திருந்தாள். சில வினாடிகளில் அமுக்கிவிடுகிறார், நாற்பது தாராளம் என்று முடிவு செய்தாள். மற்ற நாட்களில் எப்படிச் செய்வீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் ஏணியில் நின்றிருந்தபோது கீழே தபால்காரன் மறுபடி மறுபடி தட்டியிருக்கிறான். அரவையின் இரைச்சலில் மருந்து விழும் சிறு குழாய் இன்னும் மூன்று தடவை கொட்டியது அவர் காதில் விழுந்திருக்காது.

“கோழி செத்தது இதனாலயா?” என்று கேட்டார். காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டார்.

“நான் சரி பண்றேன் மாமா. டைரக்டர்கிட்டச் சொல்றேன்.”

டைரக்டர் போகோல்யூப் அவளை உட்காரச் சொன்னார். முழுவதையும் கேட்டார்.

“நாலு தடவ பட்டன அமுக்கினது யாரு?”

“ரதோய்ட்சா மாமா. ஆனா அதுக்கு முன்னாடியே மருந்து விழுந்தாச்சு. அந்தக் கட்டம் காலியா இருந்துச்சு சார்.”

“இப்ப?”

“இப்பக் குறி இருக்கு. காலையில நான்தான் போட்டேன்.”

“யாரு பாத்தா?”

“யாரும் பாக்கல சார்,” என்றாள் துன்யா.

“இங்க பாரும்மா. கெழவன் மேல உனக்குப் பாசம், புரியுது. வரி வந்ததும் அமுக்கணும்னு விதி. அவன் அமுக்கல. அப்புறம் என்னன்னே படிக்காம நாலு தடவ அமுக்கியிருக்கான். நம்ம சர்வர்தான் கொன்னுச்சுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு எந்தப் பண்ணைக்காரன் இங்க தீவனம் எடுப்பான்? அறுபது குடும்பம் இதுல சாப்பிடுது. அதுல உன்னோடதும் ஒண்ணு, மறந்துடாத.”

“அவருக்கு ஓய்வூதியம் வர்ற நேரம் சார்.”

“அதுக்கு முன்னாடியே அவன் பார்வைய டெஸ்ட் பண்ணியிருக்கணும், என் தப்பு.” அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். வெளியே கோஷவா என்னும் குளிர்காற்று தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. “திங்கட்கிழமையிலேருந்து அவன் வர வேணாம். நீ ஒரு வேல பண்ணு. அந்தப் பட்டனையே எடுத்துடு. இயந்திரமே ‘வந்து சேந்துச்சு’ன்னு சொல்லிக்கட்டும். மனுஷன் வந்து அமுக்கற வரைக்கும் யாரும் காத்துக் கெடக்க வேணாம்.”

சாயங்காலம் ரதோய்ட்சா தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு சோப்பு, ஒரு துண்டு, ஒரு பழைய சட்டை. எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அடங்கிவிட்டது.

“சொன்னேன் மாமா. நம்பல.”

“சொன்னியா? சந்தோஷம். எனக்கு வேல போச்சு, உனக்குத் தூக்கம் போச்சு. கணக்குச் சரியாப் போச்சு.” பையை முடிந்தார். “வேல கெடக்குது விடு. மிலுங்காவோட மகனுக்கு ஞானத்தகப்பன் நான், தெரியுமா உனக்கு? மத்தியானம் ரொட்டிக்கடையில அத்தன பேருக்கு முன்னால என் மூஞ்சியில துப்பினா. நான் தொடைக்கக்கூட இல்ல. குடிச்சுட்டு வேல செஞ்சேன்னு டைரக்டர் போன்ல சொல்லியிருக்காரு.”

அவர் நடந்து போவதைத் துன்யா பார்த்துக்கொண்டிருந்தாள். படியில் இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினார்.

பட்டனை எடுக்கும் வேலையை அவள் செய்யவில்லை. பக்கத்தைத் திறந்தாள், அந்த வரியில் விரலை வைத்தாள், மூடினாள். செய்யாமலிருப்பதில் பெரிய துணிச்சல் ஒன்றும் இல்லை என்றும் தோன்றியது. அவள் செய்யாவிட்டால் வேறொருவன் ஐந்து நிமிடத்தில் செய்துவிட்டுப் போவான்.

சனிக்கிழமை மிலுங்காவின் பண்ணைக்குப் போனாள். கொட்டகைக் கதவு திறந்திருந்தது. உள்ளே வெப்ப விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றின் கீழே கோழிகள் வெள்ளையாக, அசையாமல் தரை முழுக்கக் கிடந்தன. சில மட்டும் இன்னும் தலையைத் தூக்கின. ரப்பர் பூட்சு போட்ட ஒரு பெண் இரண்டு கைகளிலும் செத்த கோழிகளின் கால்களைக் கொத்தாகப் பிடித்துத் தள்ளுவண்டியில் எறிந்துகொண்டிருந்தாள்.

“யாரு நீ? கம்பெனிக்காரியா? கையெழுத்து வாங்க வந்தியா?”

“நான் துன்யா. ஆலையில சர்வர் அமைச்சவ. ரதோய்ட்சா மாமா குடிக்கல அக்கா. தப்பு என்னோடது.”

மிலுங்கா நிமிரவில்லை. துன்யா ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். காலியாக இருந்த கட்டம், நாற்பது வினாடி, ஏணி, அவளே போட்டுவிட்ட குறி. சொல்லச் சொல்ல, சாவுக்கு முன்னால் நின்று சர்வரைப் பற்றிப் பேசுவது அசிங்கமாக இருந்தது. ஆனாலும் எதையும் விடாமல் சொல்லி முடித்தாள்.

“ஒரு குறி,” என்றாள் மிலுங்கா. “இத்தனையும் ஒரு குறிக்கா?”

“ஆமா.”

“திங்கட்கிழமை மாவட்டக் கால்நடை அதிகாரி வர்றாரு. அவரு முன்னாடி இதையே சொல்லுவியா?”

“சொல்றேன்.”

“டைரக்டர் ஒன்னத் தொரத்திடுவான்.”

“தெரியும் அக்கா.”

“உன்ன நம்பணும்னு அவருக்கு என்ன கட்டாயம்? டைரக்டரே நம்பல.”

“கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா குறிய எடுத்துட்டு, அதே குறிப்ப அவரு கண்ணு முன்னாடி காலித் தொட்டியில ஓட்டிக் காட்டுவேன். அவரே ஏணி ஏறி எறங்கட்டும்.”

மிலுங்கா அப்போதுதான் அவளைப் பார்த்தாள். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. துப்பப் போகிறாள் என்று துன்யா நினைத்தாள். முகத்தைத் திருப்பக் கூடாது என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

மிலுங்கா துப்பவில்லை. தூணில் தொங்கிய ஒரு ஜோடி கையுறையை எடுத்து அவள் பக்கம் வீசினாள்.

“அந்த மூலையிலேருந்து ஆரம்பி. உசிரு இருக்கறத முதல்ல தனியா எடுத்து வை.”

துன்யா கையுறையை மாட்டிக்கொண்டு குனிந்தாள். முதல் கோழி இன்னும் சூடாக இருந்தது. உயிர் இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.