கறுப்பு என்று எழுதிய புகை

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பெரிய பொய்யில்லை, ஒரே ஒரு நிறம். வெள்ளை என்று எழுத வேண்டிய இடத்தில் கறுப்பு என்று எழுதினேன். அதனால் பதினெட்டு வயதுக் கார் ஒன்று பழைய இரும்புக்குப் போகவிருந்தது, கூடவே என் மனைவியின் புது வேலையும்.

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'நாகரிகத்தின் நுரையீரலிலிருந்து எழும் கடைசிப் பெருமூச்சென, அந்த முதிய வாகனம் கரும்புகையைக் கக்கியபடி —'

வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அடிக்கவும் இல்லை. என்மேல் மரியாதை வைத்திருக்கும் வாசகர் யாராவது மிச்சமிருந்தால் அவர் தெளிவு பெறட்டும்.

2

நடந்ததைச் சொல்கிறேன்.

மனைவி பள்ளி ஆசிரியை. இருபத்திரண்டு வருடம் யாரோ போட்ட கால அட்டவணைக்கு ஓடியவருக்கு, நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளியில் தலைமையாசிரியை பதவி கிடைத்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கே பேருந்து கிடையாது. கார் ஓடினால் போகலாம். இல்லையென்றால் சனிக்கிழமை மாலைக்குள் 'முடியாது' என்று சொல்லிவிட வேண்டும். பட்டியலில் அடுத்தவர் காத்திருக்கிறார்.

காரும் ஓடத்தான் செய்தது. ஆனால் காலையில் கிளப்பினால் டிக் டிக் என்று ஒரு சத்தம், பின்னால் புகை, உள்ளே ஒரு வாடை. சிக்னலில் நின்றால் அவருக்குத் தலைவலி வந்தது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. (மூன்று பேர் கற்றுக்கொடுத்தார்கள். மூவரும் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார்கள்.) பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவதுதான் என் பங்கு. அவர் கவனம் சாலையில் இருந்ததால், காருக்கு என்ன கோளாறு என்பதற்கு இந்த உலகத்தில் ஒரே சாட்சி நான். சாட்சியின் தொழில் கதை எழுதுவது. பிரச்சினை புரிகிறதா?

வெள்ளிக்கிழமை சகலை வந்தார். மனைவியின் அக்கா கணவர். எதற்கும் முதலில் முடிவை எடுத்துவிட்டு, காரணத்தை வழியில் பொறுக்கிக்கொள்கிறவர். மேசையில் கிடந்த நோட்டை எடுத்துப் படித்தார்.

"கரும்புகையா? அப்ப இன்ஜின் முடிஞ்சுது சகலை. பார்த்த உடனே சொல்லிடுவேன்."

"நீங்க இன்னும் பாக்கவே இல்லையே."

"அதான் எழுதியிருக்கீங்களே! எழுதுறவர் பொய்யா எழுதுவீங்க?"

இருபது வருடமாக என் கதை ஒன்றைக்கூட நம்பாத மனிதர், தவறான கதையைத் தேர்ந்தெடுத்து நம்பினார். அங்கேயே இரும்புக்காரருக்குப் போன் போட்டார். சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு வந்து வண்டியை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

மனைவி அடுக்களைக்குள் போனார். கையெழுத்தும் அதன் கீழே 'தலைமையாசிரியை' என்றும் பத்துப் பன்னிரண்டு தடவை எழுதிப் பார்த்திருந்த ஒரு தாளை நான்காக மடித்து, பருப்பு டப்பாவுக்குக் கீழே வைத்தார்.

அப்போதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். [இங்கே மனித மனத்தின் இருட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதி எடுத்துவிட்டேன்.] அந்த வரி எனக்குப் பிடித்திருந்தது. வேறு காரணம் இல்லை.

3

சனிக்கிழமை காலை, பன்னிரண்டு மணிக்கு முன் கடைசி முயற்சியாக, மனைவி மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைத்தார்.

முதல் வரைவில் இந்த மெக்கானிக்கை ஒரு ஞானியாக எழுதியிருந்தேன். கிரீஸ் படிந்த கைகள், தொலைதூரத்தில் நிலைத்த பார்வை, அதெல்லாம். உண்மையான மெக்கானிக் என் வயதுப் பெண்மணி. கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி. பார்வை தொலைதூரத்தில் இல்லை, என் மூன்றாம் பத்தியில் இருந்தது. "இவர் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கார்" என்று சொல்லி மனைவிதான் நோட்டை அவர் கையில் கொடுத்தார்.

"சார், 'மரணத்தின் தாளம்'னு போட்டிருக்கீங்களே, அது எப்ப வருது?"

"காலையில கிளப்பும்போது."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிஷம். சூடானா நின்னுடும்."

"அஞ்சு நிமிஷத்துல நின்னுடுற மரணம். பரவால்லையே." அதை அடித்துவிட்டு மேலே 'குளிர்ல டிக் டிக்' என்று எழுதினார். "'நாசியைத் துளைக்கும் நரகம்'?"

"வாடை. சிக்னல்ல நின்னா வரும். ஃபேன் போட்டா ஜாஸ்தியாகும்."

"இத எழுதுறதுக்கு என்ன சார்?" அடித்தார். "அடுத்தது 'கரும்புகை'. கறுப்பா?"

"கறுப்புதான், கறுப்புதான்" என்றார் சகலை.

"உங்கள கேக்கல சார். நீங்க அந்த வண்டில இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மனைவியும் பார்த்தார். வீட்டுப்பாடம் எழுதாத முகங்களை இருபத்திரண்டு வருடம் பார்த்துப் பழகிய பார்வை.

"வெள்ளை" என்றேன். "மெல்லிசா வரும். கொஞ்ச நேரத்துல போயிடும். குழாய் வாயில தண்ணி சொட்டும்."

"அப்புறம் ஏங்க கறுப்புன்னு எழுதினீங்க?" மனைவி கேட்டார்.

"வெள்ளைன்னா வெந்நீர் கொதிக்கிற மாதிரி இருந்துச்சு. கறுப்புல ஒரு கனம் இருக்கு."

"கனம்!" என்றார் மனைவி. "என் வேலைய விடக் கனமோ?"

(அடிக்குறிப்பு: என் எழுத்து இதுவரை பெற்ற விமர்சனங்களில் மிகச் சுருக்கமானது இது. மறுப்பு எழுத வழியில்லை.)

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றினார். "வெள்ளைன்னா குழாய்ல தங்குன ஈரம், அத விடுங்க. இன்ஜினோட சைலன்சர் குழாய் சேர்ற இடத்துல கசியுதுன்னு நினைக்கிறேன். சூட்டுல இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்குது, கசிவு முழுசா அடங்கல. அந்தப் புகைய ஃபேன் உள்ள இழுக்குது. டீச்சர், அந்தத் தலைவலி விளையாட்டில்ல. அடைக்காம வண்டிய எடுக்கவே கூடாது."

"அடைக்க முடியுமா?"

"முதல்ல எங்கன்னு பாப்போம்."

4

இந்தப் பகுதியில் புகையின் குறியீட்டுத்தன்மை குறித்து ஒரு சிறு கட்டுரை இருந்தது. அந்தத் தாளில் மெக்கானிக் கை துடைத்துவிட்டார். கதை மேம்பட்டது.

5

சோதனை எளிது. வீட்டு வாக்குவம் கிளீனரின் குழாயைக் காற்றை வெளியே ஊதுகிற பக்கம் மாட்டி, அதன் மறுமுனையைக் காரின் புகைக்குழாய்க்குள் செருகி, சுற்றிலும் துணியால் அடைக்க வேண்டும். முன்னால் இணைப்புகளின் மேல் சோப்புத் தண்ணீர் அடிக்க வேண்டும். ஓட்டை இருந்தால் அங்கே குமிழி வரும். இன்ஜினைக் கிளப்ப வேண்டியதே இல்லை.

பின்னால் துணியை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது.

"சார், நீங்கதான் எதையும் உறுதியா பிடிச்சிக்கிறீங்க" என்றார் மெக்கானிக் சகலையிடம். "வாங்க."

இஸ்திரி மடிப்புக் கலையாத கால்சட்டையோடு சகலை மண்டியிட்டார். மனைவி செடிக்குத் தண்ணீர் அடிக்கிற பாட்டிலோடு முன்னால் குனிந்தார். எனக்கு டார்ச் கொடுத்தார்கள், பேனாவைப் பிடுங்கிக்கொண்டு.

முதல் போல்ட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவதிலும் இல்லை. மணி பதினொன்றே முக்கால்.

மூன்றாவது போல்ட்டின் ஓரம் சின்னதாக ஒன்று உப்பியது. கடுகளவு, பட்டாணியளவு, பிறகு எலுமிச்சையளவு. வெடித்து, அடுத்தது வந்தது. அதன்பின் குமிழிகள் கூட்டமாகப் பொங்கின.

"வருது! வருது!" மனைவி குதித்தார்.

"என்ன வருது? எனக்கும் சொல்லுங்கப்பா!" பின்னாலிருந்து சகலை அலறினார்.

"விடாதீங்க அத்தான், இன்னும் அழுத்துங்க!"

"விடல! விடல!"

ஒரு பெரிய குமிழி பிய்ந்து மிதந்து, என் டார்ச் வெளிச்சத்தில் ஏழு நிறமும் காட்டியது. [உவமை எதுவும் போடவில்லை. கவனிக்கவும்.]

பன்னிரண்டு மணிக்கு இரும்புக்காரர் வந்தார். வண்டி விற்பனைக்கில்லை என்று மனைவி சொன்னார். அவர் கோபப்படாமல் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒருதடவ காட்டுங்களேன்" என்றார். சகலை மறுபடி மண்டியிட்டார். இந்தத் தடவை யாரும் கேட்காமலே.

இணைப்பின் இடுக்கை அடைக்கும் கேஸ்கட் தகடு ஒன்று, உடைந்த போல்ட்டுக்குப் பதில் புதிது ஒன்று. நாலு மணிக்கு வேலை முடிந்தது. மனைவி பள்ளிக்குப் போன் செய்து 'வருகிறேன்' என்றார். "நான் அப்பவே கசிவுன்னு நினைச்சேன்" என்றார் சகலை. அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஈரமாக இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

6

முடிவுக்கு என்னிடம் இரண்டு வரைவுகள் இருக்கின்றன.

முதலாவதில் கார் பாதிவழியில் நின்றுவிடுகிறது. மனித முயற்சியின் வீண்மை என்று இதற்குப் பெயர் வைத்துப் பரிசளிக்க ஆட்கள் உண்டு. இரண்டாவதில் மனைவி பள்ளி வாசலில் இறங்க, பிள்ளைகள் வரிசையாக நின்று —

இரண்டும் வேண்டாம். என்னால் முடிக்க இயலாது, ஏனென்றால் நான் அந்த வண்டியில் இல்லை.

"முதல் நாளே புருஷனோட போய் இறங்கினா நல்லாவா இருக்கும்?" என்றார். நியாயம்தான். திங்கட்கிழமை காலை, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பினார். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டோம். சத்தம் இல்லை. ஜன்னலைப் பாதி இறக்கி வைத்துக்கொண்டு புறப்பட்டார். தெருமுனைக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே இண்டிகேட்டரைப் போட்டுவிட்டார். அவ்வளவு அவசரம், அவ்வளவு குஷி.

முனையில் ஒரு லாரி திரும்புகிறது, அரை நிமிடம் நிற்பார். பக்கத்து இருக்கைக் கதவு பூட்டவில்லை. வாசகரே, நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவார், 'ம்' கொட்டினால் போதும். முடிவு நாற்பத்தெட்டாவது கிலோமீட்டரில் இருக்கிறது. நான் உள்ளே போய் அந்த வாக்குவம் கிளீனரைத் துடைக்க வேண்டும், உத்தரவு.

ஓடுங்கள். லாரி திரும்பிவிட்டது.