கீழ்வீட்டுக்குக் கேட்காமல்

அந்த வீட்டுக் குளியலறையில் குழாயைத் திறந்தால், சுவருக்குள் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் முதலில் ஒரு சத்தம் வரும். பிறகு சுவரே அதிரும். மூடும்போது சுத்தியலால் அடித்த மாதிரி ஓர் இடி. கீழ்வீட்டுக்காரர் பொறுக்க முடியாமல் மாடியேறி வந்தபோது, அவர் பக்கம் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது.

அவள் கணவன் ஒரு ஃபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். முகம் தெரியாதவர்களிடம் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்டுச் சம்பளம் வாங்குகிறவன். புகார் ஒன்று வீட்டு வாசலிலேயே வந்து நின்றதும் அவனுக்கு முதுகு தானாக வளைந்துவிட்டது. குழாய்க்காரரைக் கூட்டி வந்து காட்டினான். உள்ளே குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப் விட்டுப்போயிருக்கிறது, கீழ்வீட்டுப் பக்கம் டைல்ஸை உடைத்தால் சரிசெய்துவிடலாம் என்றார் அவர். போட்டு ஆறு மாதம்கூட ஆகாத டைல்ஸ் என்று கீழ்வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். உடைக்கவே வேண்டாம், நாங்கள் சமாளித்துக்கொள்கிறோம் என்று இவன் முந்திக்கொண்டான்.

சமாளிப்பது அவள் தலையில் விழுந்தது. அதுவும் மசக்கையில் இருப்பவள் தலையில்.

குழாயை ஒழுகும் அளவுக்கு மட்டும் திறந்துவைத்து, அதில் பழைய பனியன் துணியைக் கட்டித் தொங்கவிட்டான். தண்ணீர் அதன் வழியே ஓசையில்லாமல் வழிந்து வாளிக்குள் இறங்கியது. இரண்டு நாளில் துணி வழவழத்துப் பச்சை பிடித்தது. கையில் பட்டால் எச்சிலைத் தொட்டதுபோல் இருந்தது. ஃப்ளஷ் அழுத்தினாலும் சுவர் அதிரும் என்று அதன் கைப்பிடியைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டான். குவளை குவளையாக, ஓரமாக, மெதுவாக ஊற்ற வேண்டும். அப்படி ஊற்றினால் எது போகும்? பாதி போனது, பாதி மிதந்தது. பீங்கானில் மஞ்சளாக ஒரு கறை ஏறி, அறைக்கு வெளியேயும் நாறியது.

அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். ஊராருடைய சளியையும் சிறுநீரையும் முகம் சுளிக்காமல் கையாள்கிறவள். அங்கே வராத குமட்டல் வீட்டில் வந்தது. வாந்தியெடுக்க ஓடினால், அந்த நாற்றத்தில் அடுத்த வாந்தி வரிசையில் நின்றது. தன் மூக்குத்தான் கெட்டுவிட்டதோ, எல்லாரும் சகித்துக்கொள்வதை நாம்தான் பெரிதாக்குகிறோமோ என்று அவளுக்குச் சந்தேகம். துணியைத் தினமும் மாற்றினாள். பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தாள். சாப்பிடுவதையும் குளிப்பதையும் நேரம் மாற்றிப் பார்த்தாள். சாப்பிட்டது ஒன்றும் வயிற்றில் தங்கவில்லை. குழந்தைக்கு எதுவும் போய்ச் சேரவில்லை என்றார் டாக்டர். வரும் வாரமும் எடை இறங்கினால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டியதுதானாம்.

கணவனிடம் சொன்னாள். கொஞ்ச நாள்தானே, கீழ்வீட்டு சாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம் என்றான். கீழ்வீட்டுக்காரருக்கு அவள் 'ஒட்டுக்காது' என்று பெயர் வைத்திருந்தாள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் பதறிப்போய்த் தரையைப் பார்ப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒட்டுக்காது வந்து கூடத்தில் உட்கார்ந்தார். அவள் எதிரே அமர்ந்து ஒரு ரஸ்க்கை எலிபோலக் கொறித்துக்கொண்டிருந்தாள்.

குழாய்ச் சத்தம் எவ்வளவோ தேவலை என்று ஆரம்பித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஆனா தம்பி, வீட்ல வாந்தி எடுக்கறாங்க பாருங்க, அது அப்படியே கீழ கேக்குது. நேத்து ராத்திரி சாப்பிட்டது தங்கல போல. நிமிர்ந்து நின்னு எடுக்கறாங்கன்னு நினைக்கிறேன். நல்லாக் குனிஞ்சு எடுத்தா அவ்வளவு சத்தம் வராது."

அவளுக்குக் காது மடல் கொதித்தது. இத்தனை நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் இந்த ஆள் அவள் வயிறு புரளும் சத்தத்தையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்வான் என்று காத்திருந்தாள்.

"சொல்றேன் சார்," என்றான் அவன். "அவளுக்கு இதெல்லாம் புதுசு."

வயிறு புரண்டு மேலே வந்தது. வழக்கம்போல் அவள் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே, அவர் சொன்னபடி நன்றாகக் குனிந்து, அவருடைய கால் விரல்களுக்கு முன்னால் எடுத்தாள்.

"இப்போ சத்தம் வந்துச்சா சார்?" என்று வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

ஒட்டுக்காது இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கிக்கொண்டார். கணவன் வாளியை எடுத்துக்கொண்டு ஓடினான். குளியலறை வாசலில் சட்டென்று நின்று திரும்பினான்.

"சார், கொஞ்சம் தண்ணி திறந்துக்கட்டுமா?"

வாந்தியைப் பார்த்தபோது வராத அருவருப்பு அவளுக்கு அப்போது வந்தது. அவர் தலையாட்டி அனுமதி தருவதற்குள் எழுந்து, படியிறங்கி, கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

ஒட்டுக்காதின் மனைவி திறந்தாள். "பாத்ரூம் போகணும்க்கா" என்றதும், ஒன்றும் கேட்காமல் வழிவிட்டாள். குளியலறைக்கு வெளியே, சுவரை ஒட்டி, மெத்தை வைத்த ஒரு நாற்காலி கிடந்தது. உள்ளே எல்லாம் வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. சோப்பு மணத்தது. அவள் வேண்டுமென்றே ஃப்ளஷை அழுத்தினாள். முகம் கழுவும்போது மேலே குழாய் திறந்தது. சுவர் உறுமியது. உண்மையிலேயே கொடுமையான சத்தம்தான். அவளாக இருந்தாலும் மாடியேறிப் போயிருப்பாள். குழாய் நின்றதும், பக்கத்திலேயே நின்று பேசுவதுபோல் கணவனின் குரல் இறங்கி வந்தது.

"மன்னிச்சுக்குங்க சார். அவ இப்படிப் பண்ணுவான்னு நானே எதிர்பார்க்கல."

வெளியே வந்து நாற்காலியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சத்தம் இருக்குதுதாம்மா, இல்லன்னு சொல்லல," என்றாள் அந்த அக்கா. "ஆனா சத்தம் நின்னப்புறமும் அவரு அங்கதான் உக்காந்திருப்பாரு. எனக்குச் சொல்லவே கூசுது."

சமையலறையில் உட்காரவைத்து, வெறும் ரொட்டியை வாட்டித் தந்தாள். அவள் சின்னச் சின்னதாகப் பிய்த்துத் தின்றாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு துண்டு தின்றாள். அதுவும் தங்கியது. ஃபோனை எடுத்துத் தன் தமக்கையை அழைத்து, கொஞ்ச நாள் அங்கே வந்து இருக்கிறேன், மாமாவை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல் என்றாள்.

அவள் ஃபோனை வைக்கும்போது கணவன் வாசலில் நின்றிருந்தான். சட்டைக் கையில் ஈரம். அவளைப் பார்த்தான். பிறகு அந்த அக்காவைப் பார்த்தான்.

"தண்ணி திறந்தேன் மேடம். சத்தம் ரொம்பக் கேட்டுச்சா?"

அக்கா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என் துணியையும் மாத்திரையையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க," என்றாள் அவள். "நான் மேல வரல."

ஏன் என்று கேட்பான் என்று நினைத்தாள். கேட்கவில்லை. இங்கே நின்று பேசினால் சத்தமாகிவிடும் என்ற பயம் முகத்தில் தெரிய, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, படியில் ஓசைபடாமல் பூனைபோல் ஏறிப்போனான். அந்த முதுகைப் பார்த்தபோது மறுபடி குமட்டியது. எச்சிலை விழுங்கிக்கொண்டு, மீதி ரொட்டியை எடுத்து வாயில் போட்டு மென்றாள்.