அத்தானின் கறுப்பு பேண்ட்

அவனை வீட்டில் குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆளும் குச்சி, பிழைப்பும் குச்சியால்தான். எழுபது பேர் வாசிக்கிற இசைக்குழுவின் முன்னால் நின்று குச்சி வீசி நடத்துகிற உதவி நடத்துனர், அதுவும் தற்காலிகம். இன்று மாலைக் கச்சேரியை ஒழுங்காக நடத்தினால் வேலை நிரந்தரம். சொதப்பினால் நடையைக் கட்ட வேண்டியதுதான். தலைமை நடத்துனரே முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்.

ஒத்திகையில் பையனுக்கு வாய் கொஞ்சம் நீளம். "காகிதத்துல என்ன வேணா எழுதியிருக்கட்டும். நீங்க என் இடது கையைப் பாருங்க. மேல போனா சத்தமா வாசிக்கணும், கீழ இருந்தா மெதுவா" என்று வாரம் முழுக்க எல்லோர் உயிரையும் வாங்கியிருந்தான்.

கிளம்புகிற நேரத்தில் அக்கா போனில் பேசிக்கொண்டே அவன் கறுப்பு பேண்ட்டுக்கு இஸ்திரி போட்டாள். பேச்சு ருசியாகப் போனதில் பெட்டி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பேண்ட்டின் பின்பக்கத்தில் ஒரு சன்னல் திறந்துகொண்டது.

"ஐயையோ! அத்தானோடதைப் போட்டுக்கோடா. அதுவும் கறுப்புதானே?"

நிறம் கறுப்புதான். ஆனால் அதற்குள் மூன்று குச்சிகள் குடித்தனம் நடத்தலாம். பெல்ட் மாட்டவும் வழியில்லாத தையல். அக்கா இடுப்பை மடித்து ஒரு பெரிய ஊக்கைக் குத்தி, "பூமியே ஆடினாலும் இது ஆடாது" என்று அனுப்பிவைத்தாள்.

பூமி ஆடவில்லை. மேடையில் அவன் முதல் வீச்சு வீசியதுமே ஊக்கு தெறித்து வயலின்காரர் காலடியில் விழுந்தது. பேண்ட் புறப்பட்டது. இடது கை பாய்ந்துபோய் இடுப்பைப் பிடித்தது, பிடித்தபடியே நின்றது.

வாசித்ததோ புயல் இசை. கூரை அதிர வேண்டும். ஆனால் எழுபது பேரும் சொன்ன பேச்சைத் தட்டாதவர்கள். கை கீழே இருக்கிறதே! புயல் பூனை நடை நடந்தது. "சத்தமா, சத்தமா!" என்று குச்சி கண்ணை உருட்டினான், புருவத்தைத் தூக்கினான். அவர்கள் அவன் முகத்தைப் பார்த்தால்தானே?

கடைசியில் பெரிய முரசு ஒரே ஒரு முறை இடிக்க வேண்டும். அந்த ஒரு அடிக்காகவே காத்துக்கிடந்த முரசுக்காரர் கோலை ஓங்கிக்கொண்டு, அவன் கையையே ஏக்கமாகப் பார்த்தார். தூக்கினால் மானம் போகும், தூக்காவிட்டால் வேலை போகும். பாவி, மானத்தையே இறுக்கிப் பிடித்துக்கொண்டான். முரசுக்காரர் பெருமூச்சு விட்டு, ஒற்றை விரலால் 'டொப்' என்று தட்டிவைத்தார்.

அரங்கில் ஈ எறும்பு அசையவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று குச்சி கண்ணை மூடினான். அப்புறம் எழுந்தது பாருங்கள் கைதட்டல்!

தலைமை நடத்துனர் கண்ணைத் துடைத்தபடி மேடையேறினார். "யப்பா! நான் இத்தனை வருஷமா இந்தப் புயலைப் போட்டு அடிச்சு நொறுக்கிக்கிட்டிருந்தேன். இடியைக்கூட காதோட சொல்லலாம்னு நீதான்யா காட்டினே. அந்த இடது கை! ஒரு தடவை அசைஞ்சுதா? என்ன பிடிப்பு!"

"ஆமாங்கய்யா, நல்ல பிடிப்பு" என்றான் குச்சி.

"வேலை உனக்குத்தான். வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி நடத்தணும். அந்தக் கையை மட்டும் மாத்திடாதே."

பூங்கொத்தை நீட்டினார்கள். வலது கையில் குச்சி, இடது கையில் மானம். வாயால் கவ்விக்கொண்டான். அதற்கும் தட்டினார்கள்.

மறுநாள் காலையில் எழுந்ததும் குச்சிக்கு முதல் கவலை அந்த பேண்ட்தான். அவன் இடது கையைப் பற்றி அவனுக்குத் தெரியாதா? பிடிக்க ஒன்றும் இல்லையென்றால் பறந்துவிடும். கூடத்துக்கு ஓடினான். அக்கா தையல் மெஷினில் இருந்து எழுந்தாள்.

"உன் பேண்ட்டைக் கருக்கினவ நான்தானே, மனசே கேக்கலடா. அத்தானோடதை உன் அளவுக்கு வெட்டித் தச்சுட்டேன். இனி நீ தலைகீழா நின்னாலும் நழுவாது!"

குச்சி பொலபொலவென்று அழுதுவிட்டான். தம்பிக்குத்தான் எவ்வளவு பாசம் என்று அக்காவும் சேர்ந்து அழுதாள்.

ஆபீஸுக்குக் கிளம்பி நின்ற அத்தானின் இடுப்பை அவன் மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

"அத்தான்... வெள்ளிக்கிழமைக்கு..."

அத்தான் இரண்டு கையாலும் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து ஓடினார்.